அமீருன்னிசா படகில் ஏறிய நாள்

யாரும் சாகவில்லை. அமீருன்னிசாவின் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

இதை வாய்விட்டுச் சொன்னால் கேட்பவர்கள் பதறிப்போவார்கள் என்பதால் அவள் சொல்வதில்லை. ஆனால் மெல்பேர்னில், ஹாலத்திலும் ஹாம்ப்டன் பார்க்கிலும் விருந்துக்குப் போகிற வீடுகளில், சாப்பாடு முடிந்து தேநீர் வந்ததும் யாராவது ஒருவர், "நுஸ்கி, அந்தப் படகுக் கதைய எடுத்து விடு" என்பார். அவள் கணவன் நுஸ்கி கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வான்.

"மீன் கடிக்கிது எண்டு நாங்க நினைச்சம். பாத்தா, கடல்தான் எங்களக் கடிச்சிரிக்கி!"

சிரிப்பு எழும். அடுத்து காற்று வரும். சொல்லச் சொல்ல அந்தக் காற்று வளர்ந்துகொண்டே போனது. முதல் தடவை சொன்னபோது அது சற்றே வேகமான தென்மேற்குக் காற்று. நோன்புப் பெருநாளுக்குள் புயலாகிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளில் அலை வீட்டுக் கூரை உயரத்துக்கு எழுந்தது. காற்று பெருகப் பெருக, படகில் இருந்த நான்கு ஆண்களின் தப்பு சிறுத்துக்கொண்டே வந்து கடைசியில் காணாமலே போனது.

கதையின் முடிவில் எப்போதும் ஹம்சா வருவான். நுஸ்கியின் சாச்சா மகன், சித்தப்பா பிள்ளை. கிளேட்டனில் படித்துவிட்டு அங்கேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவன். "நாங்க எல்லாரும் படகப் புடிச்சித் தொங்குறம். இவன் என்ன செய்றான் தெரியுமா? சஹனப் புடிச்சிட்டு மிதக்கிறான்! செத்தாலும் சோத்துத் தட்ட விடமாட்டானாம்!" நுஸ்கி இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு பெரிய வட்டத்தைப் பிடித்து, லாரி ஓட்டுவதுபோலத் திருப்பிக் காட்டுவான். அறை குலுங்கும். ஹம்சா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

முதல் தடவை அமீருன்னிசாவும் சிரித்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு முகம் எரியும்.

நடந்தது என்னவென்று அவள் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டாள். ஒருவர் சொல்லாமல் விட்டதை இன்னொருவர் வாய்தவறிச் சொன்னார்.

மெல்பேர்னை ஒட்டிய போர்ட் பிலிப் விரிகுடா பார்வைக்குச் சாதுவான தண்ணீர். கரையிலிருந்து பார்த்தால் ஏரி என்றே சொல்லலாம். ஆழம் குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு என்று நினைக்கத் தோன்றும். நேர்மாறானது உண்மை. ஆழம் இல்லாத இடத்தில் காற்று கிளம்பினால் அலைக்கு நீண்டு எழ இடமில்லை. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வரும். ஒன்றைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் அடுத்தது முகத்துக்கு முன்னால் நிற்கும். நுஸ்கியின் அலுமினியப் படகைப் போன்ற சின்னப் படகுக்கு அதைவிடப் பொல்லாத கடல் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் கடல் குளமாகக் கிடந்தது. ஸ்னாப்பர் மீன் வருகிற பருவம். கேரம் ஆற்றுமுகத்திலிருந்து வெளியே போய் நங்கூரம் போட்டார்கள். முன்பக்கம் சாப்பாட்டுப் பெட்டிகள் அடுக்கியிருந்ததால், அவற்றைத் தாண்டிப் போகச் சோம்பல்பட்டு, கயிற்றைப் பின்பக்கம் இயந்திரத்துக்கு அருகிலேயே கட்டினார்கள். படகின் மிகத் தாழ்ந்த இடம் அது. பிறகு பசித்தது. சாப்பாடு என்றால் ரொட்டித் துண்டில்லை. அமீருன்னிசா ஆக்கிக் கொடுத்த ஆட்டிறைச்சிப் புரியாணி. அதையும் கடதாசித் தட்டில் போட்டுத் தின்னவில்லை. பெருநாளிலும் கலியாணத்திலும் செய்வதுபோலப் பெரிய சஹன் தட்டில் கொட்டி, நான்கு பேரும் அதைச் சுற்றிச் சப்பணம் கட்டி உட்கார்ந்து, ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டார்கள். தட்டு வைக்கிற அளவுக்குச் சமதளம் படகின் பின்பக்கத்தில் மட்டுந்தான் இருந்தது. ஆகவே நான்கு பேரின் பாரமும் பின்பக்கம். தரை சில்லென்று ஈரமாக இருந்தது. ஆகவே லைஃப் ஜாக்கெட்டுகளைக் கழற்றி, மடித்து, குண்டிக்குக் கீழே போட்டுக்கொண்டார்கள்.

காற்று திரும்பியபோது யாரும் பார்க்கவில்லை. ஈரல் துண்டு யாருக்கு என்று பகிடி நடந்துகொண்டிருந்தது. முதல் அலை பின்பக்கத்தால் ஏறிச் சஹனுக்குள்ளேயே விழுந்தது. அதற்கும் சிரித்தார்களாம். இரண்டாவது அலைக்குப் படகு நிறைந்து கவிழ்ந்துவிட்டது.

ஒரு வியட்நாமியக் கிழவரும் அவர் மனைவியும் தங்கள் படகைத் திருப்பிக்கொண்டு வந்திராவிட்டால் கதை சொல்ல ஆள் இருந்திருக்காது. அமீருன்னிசா கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கு பேரும் வெள்ளித்தாள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் நுஸ்கியின் உடுப்பைத் துவைக்கப் போட்டபோது, சட்டைப் பையில் மஞ்சள் சோறு உப்பில் ஊறி உப்பிப்போய்க் கிடந்தது. அவள் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. யாரையாவது அறையவேண்டும் போலிருந்தது.

இத்தனைக்கும் நுஸ்கி பொறுப்பில்லாத மனிதன் இல்லை. கட்டட வேலைத்தளத்தில் மேற்பார்வையாளன். தலைக்கவசம் போடாமல் வந்தவனை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறவன். அதை வீட்டில் பெருமையாகச் சொல்வான். "சட்டம் எண்டாச் சட்டம்தான். ஒருத்தன் தலையில கல்லு விழுந்தா ஆரு பதில் சொல்ற?" அதே மனிதன் சனிக்கிழமையானால் இன்னொருவனாக மாறிவிடுகிறான். அப்படியானால் வேலைத்தளத்தில் அவன் பயப்படுவது உயிருக்கா, மேலதிகாரிக்கா? அமீருன்னிசா இந்தக் கேள்வியைப் பல தடவை தனக்குள் கேட்டிருக்கிறாள்.

அவளுக்கு நீந்தத் தெரியாது. காத்தான்குடியில் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அண்ணன்களான நானாமார் இரண்டிலும் குதித்து விளையாடினார்கள். கரையில் உட்கார்ந்து அவர்கள் கழற்றிப்போட்ட உடுப்பைக் காவல் காப்பது அவள் வேலை. பொம்பிளைப் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று ஒருவரும் கேட்கக்கூட இல்லை. அப்படியொரு எண்ணமே யாருக்கும் வரவில்லை. மெல்பேர்னுக்குக் கலியாணமாகி வந்து, படித்து, குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் நஷ்வாவை மட்டும் விடாப்பிடியாக நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போனாள். நஷ்வா இப்போது நாலாம் வகுப்பு. குளத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீந்துவாள். ஆனால் குளத்தில் அலை இல்லை, குளிர் இல்லை, பிடிக்க ஓரமும் உண்டு.

போன மாதம் ஒரு நாள் நுஸ்கி வேலையால் வந்ததும் வராததுமாகச் சொன்னான்: "தண்ணிக்குள்ள கிடக்கக்குள்ள நான் ஒரு நேர்ச்ச வச்சன். உசிரோட கரையேறினா அம்பது பேருக்குச் சோறு குடுக்கிற எண்டு. வருசமாகப் போகுது. அதே இடத்தில, கேரத்தில, ஆத்தங்கரையில வச்சிக் குடுத்திருவம்."

"நல்லது. நேர்ச்சய நிறைவேத்தத்தான் வேணும்" என்றாள் அமீருன்னிசா. உண்மையாகவே சொன்னாள்.

"சஹன் சாப்பாடுதான். நீங்கதான் ஆக்கணும்."

"ஆக்குறன்."

"சாப்பிட்டுட்டுப் புள்ளைகள ஏத்தி ஒரு சுத்து காட்டிட்டு வருவம். நஷ்வாவும் கேட்டுக்கிட்டே இரிக்கா."

அவள் வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தில் கத்தி நின்றது.

"எதில ஏத்தி?"

"எங்கட படகிலதான். வேற எதில?"

"இஞ்சாருங்க, அல்லாஹ் உங்களக் காப்பாத்தினத்துக்கு நன்றி சொல்றீங்களா, இல்ல, திரும்பக் காப்பாத்துறானா எண்டு பாக்கப் போறீங்களா?"

"ஆ, தொடங்கிட்டா" என்றான் நுஸ்கி. பிறகு குரலைத் தணித்தான். "இந்த முறை எல்லாம் ஒழுங்கா இரிக்கும். சின்னப் புள்ளைகளுக்கு அளவான ஜாக்கெட் வாங்குறன். படகில ஒருத்தரும் சாப்பிடப் போறல்ல. காத்து வந்தா இறக்கவே மாட்டன். சரியா? சத்தியமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் சத்தியம் செய்த மனிதனிடம் வேறென்ன கேட்பது?

காப்பகத்தில் அவளோடு வேலை செய்யும் லக்சிகா யாழ்ப்பாணத்துப் பெண். மணல் விளையாட்டுக்குப் பிள்ளைகளை வெளியே விடும் நேரத்தில் இருவரும் வாசலில் நின்று ஒவ்வொரு தலையிலும் தொப்பி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொப்பி இல்லாவிட்டால் விளையாட்டு இல்லை. அதுதான் அங்கே விதி. அன்று ஒரு குட்டிப் பையன் தொப்பியை எங்கோ போட்டுவிட்டு வந்து, உள்ளேயே இருக்கவேண்டும் என்றதும் தரையில் உருண்டு அழுதான்.

"பாத்தியா லக்சிகா? இந்த மூண்டு வயசுக் குஞ்சு மணலுக்குப் போறத்துக்குத் தொப்பி கேக்கிறம். அங்க, படிச்ச வாப்பாமார் கடலுக்குக் கொண்டு போறத்துக்கு ஒண்டும் தேவையில்லயாம்."

"அக்கா, நீங்கள் வீட்டில நேர சொல்லிப் பாக்கேலாதே?"

"சொன்னன். சத்தியம் செஞ்சி தந்திரிக்கார்."

"ஓ... சத்தியமோ." லக்சிகா அழுகிற பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "என்ர மனுசனும் உப்பிடித்தான், சிகரெட்டுக்கு வருசத்தில நாலு தரம் சத்தியம் பண்ணுவார்."

நேர்ச்சைக்கு முந்தின வாரம் ஹம்சா வெங்காய மூட்டை கொண்டு வந்து கொடுத்தான். நுஸ்கி வீட்டில் இல்லை. பேச வேறொன்றும் அகப்படாமல் அமீருன்னிசா, "நீங்களும் வாறதானே தம்பி?" என்றாள்.

"வாறன் மதினி." மூட்டையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தான். "எனக்குத் தனித் தட்டில போட்டுத் தருவீங்களா?"

அவள் கவனித்திருந்தாள். ஒரு வருடமாக எந்த விருந்திலும் அவன் சஹனில் உட்காருவதில்லை. ஒரு கடதாசித் தட்டோடு ஒதுங்கிவிடுவான். வயிறு சரியில்லை என்பான். "தருவன். ஏன் தம்பி?"

"நான் அந்தத் தட்ட ஆசையில புடிக்கல்ல மதினி. வேற ஒண்டும் கைக்கு எட்டல்ல." அவன் வெங்காய மூட்டையைப் பார்த்தபடி சொன்னான். "அல வந்து என்னப் படகில இரிந்து பிரிச்சிட்டு. நான் கூப்பிட்டன். நானா நானா எண்டு கூப்பிட்டன். அவங்க நான் விளையாடுறன் எண்டு நினைச்சாங்களாம். பிறகு வாய்க்குள்ள தண்ணி போயிட்டு, கூப்பிட ஏலாமப் போச்சி."

அவன் போனபிறகு அமீருன்னிசா குசினியில் மூட்டையை அவிழ்த்து வெங்காயத்தைக் கூடையில் கொட்டினாள். ஒரு வருடமாக எல்லோரும் சிரித்தது இதற்கா? அவளும் சிரித்தாளே, இதற்கா?

நேர்ச்சை நாள் வந்தது. கேரத்தில் ஆற்றங்கரைப் புல்வெளியில் பாய் விரித்து, சஹன்களைச் சுற்றி ஆறாறு பேராக உட்கார்ந்தார்கள். வெயில் இதமாக இருந்தது. துஆ ஓதினார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். மீரா சாஹிபு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். காயல்பட்டினத்துக்காரர், டாண்டினோங்கில் துணிக்கடை வைத்திருப்பவர், போன வருடம் கவிழ்ந்த நால்வரில் மூத்தவர், அண்ணன் முறையில் எல்லோருக்கும் காக்கா. "தங்கச்சி, உங்க புரியாணிக்காகவே இன்னொரு தடவ கவுரலாம் போலருக்கே!" என்றார். பாயெல்லாம் சிரித்தது. அமீருன்னிசா கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

படகு இறக்கும் சரிவுக்கு மேலே, இழுவை வண்டியில் படகு தயாராக நின்றது. அதில் புதிதாக ஒரு சின்னத் திரை பொருத்தியிருந்தது. தண்ணீருக்கடியில் மீன் எங்கே நிற்கிறதென்று காட்டுகிற கருவி. புதிய தூண்டில்கள் வேறு பளபளத்தன. பிள்ளைகள் சிலர் தொளதொளத்த ஜாக்கெட்டுகளோடு படகைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். நஷ்வாவும் ஏற்கெனவே ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நின்றாள். அது நுஸ்கியின் ஜாக்கெட். கழுத்துப் பட்டி அவள் காதை மறைத்தது. கீழ்ப்பட்டி தொடையில் தொங்கியது.

"இது பெரியாக்களுட" என்றாள் அமீருன்னிசா.

"ஓம், அது வந்து..." நுஸ்கி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "சின்னது வாங்க நினைச்சன். வேலையில மறந்து போச்சி. பரவாயில்ல, இறுக்கிக் கட்டினாச் சரி. ஆத்துக்குள்ள போயிட்டு, முகத்துவாரத்த எட்டிப் பாத்துட்டு வந்திருவம்."

"மீன் பாக்கிற மெஷின் மறக்கல்ல."

"ஆ?"

காப்பகத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கிப் பழகிய கை அவளுடையது. நஷ்வாவின் ஜாக்கெட்டை இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கினாள். ஜாக்கெட் மட்டும் மேலே வந்தது. நஷ்வா கீழேயே நின்றாள், கைகள் இரண்டும் தலைக்கு மேலே, தலைமுடி கலைந்து.

யாரோ கெக்கலித்தார்கள். "சட்ட அங்க, ஆள் இங்க!"

மீரா சாஹிபுவும் சிரித்துவிட்டார். "அட, ஒரு கயித்தப் போட்டுக் கட்டிருவோம் தங்கச்சி. பாத்துக்கலாம். நாங்க இருக்கோம்ல?"

"உம்மா! யூ ஆர் எம்பரசிங் மீ!" நஷ்வாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"காக்கா, போன வருசமும் நீங்க இரிந்தீங்கதானே?" என்றாள் அமீருன்னிசா.

"சும்மா எல்லாத்துக்கும் அதையே சொல்லாத" என்றான் நுஸ்கி. ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதால் பல்லைக் கடித்துச் சொன்னான். "புள்ள ஆசப்பட்டுட்டு. பேசாம அங்கால நில்லு." நஷ்வாவின் தலைவழியாக ஜாக்கெட்டை மறுபடி மாட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டினான். பிறகு காருக்குள் ஏறி, படகைச் சரிவில் இறக்குவதற்காகப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கினான்.

அப்போதுதான் அது நடந்தது. முன்கூட்டி யோசித்துச் செய்ததில்லை. அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நகர்ந்த இழுவை வண்டியின் சக்கரக் கவசத்தில் கால் வைத்து, அமீருன்னிசா படகுக்குள் ஏறிவிட்டாள். சறுக்கி முழங்கால் அடிபட்டது. எழுந்து நடுப்பலகையில் உட்கார்ந்தாள்.

கண்ணாடியில் அவளைக் கண்டதும் நுஸ்கி பிரேக்கை அழுத்தினான். படகு பாதிச் சரிவில் குலுங்கி நின்றது. அவன் தலையை வெளியே நீட்டினான்.

"என்ன விசரா உனக்கு? இறங்கு!"

"இறக்குங்க."

"இறங்கு எண்டு சொல்றன்!"

"நான் இறங்க மாட்டன். படக இறக்குங்க எண்டு சொல்றன். என்னையும் சேத்துத் தண்ணிக்குள்ள இறக்குங்க. எனக்கு ஜாக்கெட் இல்ல. நீந்தவும் தெரியாது. எல்லாம் உங்கட முறைப்படிதான் இரிக்கி. இறக்குங்க!"

பின்னால் வேறு கார்கள் படகுகளோடு வரிசையில் நின்றன. ஒருவன் ஹார்ன் அடித்தான். தாடி வைத்த, பச்சைத் தொப்பி போட்ட ஒரு மனிதன் தன் காரிலிருந்து இறங்கி வந்து படகையும், அதற்குள் கறுப்பு உடுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணையும், காருக்குள் இருக்கும் ஆணையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆர் யூ இன் ஆர் அவுட், மேட்?"

"சாரி, ஜஸ்ட் எ மினிட்" என்றான் நுஸ்கி. அவன் முகம் செங்கல்லாகிவிட்டது. மீரா சாஹிபு படகின் ஓரத்துக்கு ஓடி வந்தார்.

"தங்கச்சி, நாலு பேரு பாக்குறாங்கம்மா. மானம் போகுது. இறங்குங்க, பேசிக்கலாம்."

"ஒரு வருசமா நீங்க பேசினீங்க காக்கா. நான் கேட்டுட்டுத்தானே இரிந்தன்? தேத்தண்ணியும் ஊத்தித் தந்தன்." அவள் குரல் நடுங்கியது. அது அழுகை என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று இன்னும் உரக்கப் பேசினாள். "ஹம்சா கூப்பிட்ட சத்தம் உங்களுக்குக் கேட்டிச்சா இல்லயா? அத ஏன் ஒருத்தரும் கதையில சொல்றல்ல? பகிடியா இல்ல எண்டா? நஷ்வா கூப்பிட்டாலும் விளையாடுறா எண்டுதான் நினைப்பீங்களா?"

மீரா சாஹிபு படகின் ஓரத்திலிருந்து கையை எடுத்தார். புல்வெளியில் ஹம்சா கையில் கடதாசித் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். தலை குனியவில்லை.

பிறகு யாரோ ஒரு தாய் தன் மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "இங்க வா. ஜாக்கெட்டக் கழட்டிக் குடுத்துட்டு வா." அடுத்து இன்னொருத்தி. யாரும் அமீருன்னிசாவுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைக் கூப்பிட்டாள். படகைச் சுற்றி நின்ற கூட்டம் கரைந்து, நஷ்வா மட்டும் இடுப்பில் கயிற்றோடு தனியாக நின்றாள்.

ஹார்ன் மறுபடி அலறியது. நுஸ்கி ஸ்டியரிங்கில் கையை ஓங்கிக் குத்தினான். பிறகு கியரை மாற்றி, படகையும் அதற்குள் இருந்த மனைவியையும் இழுத்துக்கொண்டு சரிவில் மேலே ஏறினான். அமீருன்னிசா இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டாள். வரிசையில் நின்ற அத்தனை காரையும், அத்தனை முகத்தையும் கடந்து போனாள். பச்சைத் தொப்பிக்காரன் என்ன நினைத்தானோ, தொப்பியை லேசாகத் தொட்டான். அவள் கண்டுகொள்ளவில்லை.

வாகனம் நிறுத்துமிடத்தில் இறங்கினாள். முழங்கால் எரிந்தது.

கடல் அன்று முழுக்கச் சிணுங்கக்கூட இல்லை. மாலை வரை கண்ணாடிபோலக் கிடந்தது. மற்றப் படகுகள் போய் நல்ல மீனோடு திரும்பின. பாய்களைச் சுருட்டும்போது மீரா சாஹிபு அவளைத் தேடி வந்தார். குரலில் கேலி இல்லை, மனத்தாங்கல்தான் இருந்தது.

"பாருங்க தங்கச்சி, கடல் எப்படிக் கெடக்குன்னு. பச்சப்புள்ள மாதிரி. சும்மா எல்லாத்தையும் கலச்சிட்டீங்களே."

"ஓம் காக்கா. போன வருசம் நீங்க போகக்குள்ளயும் இப்பிடித்தான் கிடந்திச்சி."

அவர் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். இதுவும் ஒரு கதையாகும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த விருந்தில் யாராவது கதிரையை முன்னால் இழுத்து, அமீருன்னிசா படகேறிய கதையைச் சொல்வார்கள். அபாயாவைத் தூக்கிக்கொண்டு ஏறியதை நடித்துக் காட்டுவார்கள். தான் செய்தது சரிதானா? கடல் அமைதியாக இருந்த நாளில் பிள்ளையின் ஆசையைக் கெடுத்ததுதான் மிச்சமா? கேள்வி வந்தது. கோபம் மட்டும் ஓர் அங்குலமும் குறையவில்லை.

காருக்குள் நஷ்வா பின் இருக்கையில் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். "எவ்ரிவன் வாஸ் லாஃபிங் அட் அஸ், உம்மா."

"சிரிக்கட்டும்."

"ஐ கேன் ஸ்விம்!"

நுஸ்கி திறப்பைத் திருகிக் காரை முடுக்கினான்.

"நிப்பாட்டுங்க" என்றாள் அமீருன்னிசா.

"வீட்ட போய்ப் பேசுவம் அமீரு. தயவு செஞ்சி."

"பேச வேணாம். சொல்லுங்க. இவளுக்கு அந்தக் கதையச் சொல்லுங்க."

"எந்தக் கத? அவளுக்குத்தான் தெரியுமே."

"அவளுக்குத் தெரிஞ்சது வேற. நடந்ததச் சொல்லுங்க. சிரிப்பில்லாமச் சொல்லுங்க. சொன்ன பிறகும் படகில போக ஆச எண்டு அவள் சொன்னா, அளவான ஜாக்கெட்ட நானே வாங்கித் தாறன்."

நுஸ்கி இயந்திரத்தை அணைத்தான். முன்கண்ணாடி வழியாக, எதையும் பார்க்காமல், பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் இழுவை வண்டியில் காய்ந்த படகு வெயிலில் கிடந்தது. அவன் தொடங்கினான். "மீன் கடிக்கிது எண்டு..." என்று பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. நிறுத்தினான்.

"நாங்க ஜாக்கெட்டக் கழட்டி வச்சிரிந்தம் மகள். அதுக்கு மேல குந்திக்கிட்டிரிந்தம். காத்து வாறத்த நான் பாக்கல்ல. தண்ணி சரியான குளிர். கால் இரிக்கா எண்டு தெரியல்ல." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். "ஹம்சா கூப்பிட்டான். எனக்குக் கேட்டிச்சி. படக விட்டா நானும் போயிருவன் எண்டு பயத்தில, கேக்காத மாதிரி இரிந்துட்டன்."

அமீருன்னிசா திரும்பி அவனைப் பார்த்தாள். இது அவளுக்குத் தெரியாது.

நஷ்வா இருக்கையில் முன்னால் நகர்ந்து வந்தாள். அவள் குரலில் இப்போது அழுகை இல்லை.

"வை டிட் யூ டேக் இட் ஆஃப், வாப்பா? ஏன் கழட்டின?"

நுஸ்கி கண்ணாடியில் மகளைப் பார்த்தான். மகள் காத்திருந்தாள். அமீருன்னிசாவும் ஒத்தாசைக்கு ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்காமல், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.